யார் சொன்னால் நம்பலாம்? அயல்நாட்டு விமான நிலையங்களும் அமெரிக்காவின் தீர்ப்புகளும்

விமான டிக்கெட் வாங்கும்போது ஒரு பயணி பார்ப்பது விலை, நேரம், எத்தனை இடத்தில் இறங்கி மாற வேண்டும் என்பவற்றைத்தான். புறப்படும் விமான நிலையத்தில் பெட்டிகளை ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. அதை வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 1985 முதல் அந்த வேலையைச் சட்டம் போட்டுச் செய்து வருகிறது அமெரிக்க அரசு. அந்நிய நாட்டு விமான நிலையங்களுக்கு ஆளனுப்பிச் சோதித்து, இது தேறியது, இது தேறவில்லை என்று தீர்ப்பு சொல்கிறது.

அந்தத் தீர்ப்புகளைப் பயணிகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? சிலர் நம்பினார்கள், சிலர் சலித்துக்கொண்டார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். மூன்றுக்குமே காரணம் இருந்தது.

ஏதென்ஸ், 1985

1985 ஜூன் 14. கெய்ரோவில் கிளம்பி ஏதென்ஸ் வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 847ஆம் எண் விமானம், அங்கிருந்து ரோமுக்குப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் லெபனானைச் சேர்ந்த இருவர் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டுகளும் காட்டி விமானத்தைக் கடத்தினார்கள். பெய்ரூட், அல்ஜியர்ஸ் என்று விமானம் மாறி மாறிப் பறந்தது. பயணிகளில் ஒருவரான அமெரிக்கக் கடற்படை வீரர் கொல்லப்பட்டார். கடைசிப் பணயக் கைதிகள் விடுதலையாக ஜூன் 30 ஆகிவிட்டது.

ஆயுதங்களோடு இரண்டு பேர் ஏதென்ஸில் எப்படி ஏறினார்கள் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஜூன் 18 அன்று அதிபர் ரீகன் செய்தியாளர் கூட்டத்தில், ஏதென்ஸ் விமான நிலையத்தைத் தவிர்க்கும்படி அமெரிக்கப் பயணிகளைக் கேட்டுக்கொண்டார். கோடைக்காலம்தான் கிரீஸுக்குச் சுற்றுலா அறுவடைக் காலம். தீவுகளில் விடுதி நடத்துபவர், படகு ஓட்டுபவர், உணவகம் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானம் அந்தச் சில மாதங்களில்தான். ஒரே அறிவிப்பில் முன்பதிவுகள் ரத்தாகத் தொடங்கின.

கிரேக்க அரசு கொதித்தது. தங்கள் விமான நிலையம் மற்ற ஐரோப்பிய நிலையங்களைவிட மோசமில்லை என்றது. அப்போது கிரீஸில் இருந்தது பாப்பாந்த்ரேயுவின் சோஷலிச அரசு. அமெரிக்காவோடு அதற்கு ஏற்கெனவே உரசல் இருந்தது. போதாததற்கு, விமானத்தில் இடம் கிடைக்காமல் ஏதென்ஸிலேயே பிடிபட்ட மூன்றாவது கூட்டாளியை, கிரேக்கப் பயணிகளை மீட்பதற்காக அந்த அரசு விட்டுவிட்டது. அதனால் பலர், இது பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கையா அல்லது அரசியல் தண்டனையா என்று கேட்டார்கள். ஜூலை மாதமே எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் விலகவில்லை.

சட்டமான தீர்ப்பு

1985 ஆகஸ்டு 8 அன்று அமெரிக்காவில் ஒரு புதிய சட்டம் கையெழுத்தானது. அமெரிக்காவோடு நேரடி விமானத் தொடர்புள்ள அயல்நாட்டு நிலையங்களை அமெரிக்க அதிகாரிகள் நேரில் சென்று மதிப்பிட வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் குறைந்தபட்சத் தரம்தான் அளவுகோல். குறை இருந்தால் அந்த நாட்டு அரசுக்குச் சொல்லி, திருத்திக்கொள்ள 90 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் திருத்தாவிட்டால் அந்த நிலையத்தின் பெயரைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் கண்ணில் படும் இடத்தில் பலகை வைக்க வேண்டும். அங்கே போக டிக்கெட் வாங்குபவருக்கு விமான நிறுவனம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆபத்து உடனடியானது என்று கருதினால் விமானப் போக்குவரத்தையே நிறுத்தலாம்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ரீகனின் அறிவிப்பைப் போல ஒரு நெருக்கடியின் சூட்டில் வருவதல்ல. அளவுகோல் உண்டு, அவகாசம் உண்டு, பயணிக்குத் தெரிவிக்கும் கடமையும் உண்டு.

சொல்லாமல் விட்டதன் விலை

தெரிவிக்கும் கடமை ஏன் முக்கியம் என்பதை 1988 காட்டியது. அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஹெல்சின்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானத்தில் குண்டு வெடிக்கும் என்றது அந்தக் குரல். மாஸ்கோ தூதரகத்தில் இந்த எச்சரிக்கை ஊழியர்கள் பார்க்கும்படி ஒட்டப்பட்டது. பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை.

டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் வெடித்துச் சிதறியது. அதன் முதல் கட்டம் ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், ஆக 270 பேர் இறந்தார்கள். அவர்களில் 35 பேர் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு வெறும் புரளி, குண்டுவெடிப்போடு அதற்குத் தொடர்பில்லை என்பதுதான் விசாரணையில் வந்த முடிவு. ஆனாலும் பெற்றோர்களின் கோபம் நியாயமானது. தூதரக ஊழியருக்குத் தெரிந்த செய்தி ஒரு மாணவிக்கு ஏன் தெரியக்கூடாது? அந்தக் குடும்பங்கள் விடாமல் போராடியதன் பலனாக விசாரணைக் குழு அமைந்தது. 1990இல் வந்த சட்டம், சிலருக்கு மட்டும் எச்சரிக்கை சொல்லும் வழக்கத்தைத் தடை செய்தது. பயணிகள் தரப்பு அரசின் நடைமுறையையே மாற்றிய நிகழ்வு இது.

பலகையில் ஏறிய பெயர்கள்

சட்டத்தின் பலகையில் மிக நீண்ட காலம் இருந்த பெயர்களில் ஒன்று நைஜீரியாவின் லாகோஸ். 1993 ஆகஸ்டில் லாகோஸுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான நேரடி விமானங்களையே அமெரிக்கா நிறுத்தியது. தடை நீங்கியது 1999 டிசம்பரில். ஆறு ஆண்டுகளுக்கும் மேல்!

இந்த ஆறு ஆண்டுகளில் நியூயார்க்கில் வாழ்ந்த ஒரு நைஜீரியர் ஊரில் ஒரு சாவு என்றால் என்ன செய்வார்? லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்றிப் போவார். கூடுதல் பணம், கூடுதல் நேரம். முடிவில் இறங்குவது அதே லாகோஸில், திரும்பி வர ஏறுவதும் அதே லாகோஸில்தான். பலகை அவருக்கு ஆபத்தைச் சொன்னதே தவிர, மாற்று வழி தரவில்லை. சுற்றுலாப் பயணி வேறு நாட்டுக்குப் போகலாம். தாயைப் பார்க்கப் போகிறவருக்கு வேறு நாடு கிடையாது.

மனிலா 1995இல் பலகையில் ஏறியது. 1996 மார்ச்சில் மீண்டும் ஏதென்ஸ் ஏறி, மே மாதம் இறங்கியது. அந்த ஜூலை 17 அன்று டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் கிளம்பிய சில நிமிடங்களில் வெடித்து 230 பேர் இறந்தனர். அதே விமானம் அன்று பிற்பகல் ஏதென்ஸிலிருந்து வந்திருந்தது. உடனே சந்தேகம் எங்கே போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஆனால் நான்கு ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2000இல் வந்த முடிவு வேறு. நடு எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பற்றியதுதான் காரணம். ஏதென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருமுறை கெட்ட பெயர் வந்தால், தேறிய பிறகும் அது ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

பலகையில் ஏறாத பெயர்கள்

ஏதென்ஸ் கடத்தல் நடந்து ஒன்பதே நாளில், 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியா 182 அயர்லாந்து கடலோரத்தில் வெடித்து 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டி வான்கூவரில் ஏற்றப்பட்டது. டொரன்டோவிலிருந்து மேலே செல்ல உறுதியான இடம் இல்லாத ஒருவர் வற்புறுத்த, ஊழியர் பெட்டியை மட்டும் இணைப்பு விமானத்துக்குப் பதிந்து அனுப்பினார். அந்த நபர் விமானத்தில் ஏறவே இல்லை. டொரன்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் அன்று பழுதாகி நின்றது. உயிர்ச்சேதம் ஏதென்ஸைவிடப் பல மடங்கு. ஆனால் டொரன்டோவைத் தவிர்க்கும்படி எந்த அதிபரும் பயணிகளைக் கேட்டுக்கொள்ளவில்லை. கனடாவின் சொந்த விசாரணை ஆணையம் அந்தத் தவறுகளை முழுமையாக அடுக்கியது 2010இல்தான்.

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களும் கிளம்பியது பாஸ்டன், நியூவார்க், வாஷிங்டன் டல்லஸ் நிலையங்களிலிருந்து. பிறர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்டின் சொந்த வீட்டுத் தாழ்ப்பாள்தான் தளர்ந்திருந்தது.

2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் குண்டோடு டெட்ராய்ட் சென்ற இளைஞர் லாகோஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வந்து விமானம் மாறினார். இரண்டு ஊரிலும் சோதனையைத் தாண்டியிருந்தார். 2010 ஜனவரியில் அமெரிக்கா 14 நாடுகளின் பயணிகளுக்குக் கூடுதல் சோதனை என்று அறிவித்தது. நைஜீரியா பட்டியலில் இருந்தது. நெதர்லாந்து இல்லை! நைஜீரிய அரசு வெளிப்படையாக எதிர்த்தது. ஒருவர் செய்ததற்குக் கோடிக்கணக்கான மக்களையா சந்தேகிப்பது என்ற அந்தக் கேள்விக்குப் பதில் கடினம். ஏப்ரலில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டது.

மடிக்கணினித் தடை, 2017

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக அமெரிக்கா செல்லும் தமிழர்களையும் தொட்ட தீர்ப்பு இது. 2017 மார்ச் 21 அன்று அறிவிக்கப்பட்டது. எட்டு நாடுகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா வரும் பயணிகள் மடிக்கணினியையும் டேப்லெட்டையும் கையோடு கொண்டுவரக்கூடாது, சரக்கறைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றது உத்தரவு.

அதே நாளில் பிரிட்டனும் தடை விதித்தது. ஆனால் அதன் பட்டியலில் துபாயும் தோஹாவும் அபுதாபியும் இல்லை. இரண்டு நாடுகளும் ஒரே ஆபத்தைப் பற்றித்தான் பேசின, பட்டியல் மட்டும் எப்படி வேறானது? வளைகுடா விமான நிறுவனங்கள் அரசு மானியம் பெறுவதாக அமெரிக்க நிறுவனங்கள் பல காலமாகப் புகார் சொல்லி வந்தன. இது பாதுகாப்பா, வியாபாரப் போட்டியா என்று பயணிகள் பேசிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. லித்தியம் பேட்டரிகளைச் சரக்கறையில் குவிப்பது தீ அபாயம் என்ற கவலையும் சேர்ந்தது. எமிரேட்ஸ் தன் அமெரிக்க விமானங்களைக் குறைத்தது.

முடிந்த விதம்தான் கவனிக்கத்தக்கது. ஜூன் இறுதியில் அமெரிக்கா 105 நாடுகளின் சுமார் 280 விமான நிலையங்களுக்குப் பொதுவான கடுமையான சோதனை விதிகளை அறிவித்தது. அவற்றை நிறைவேற்றிய நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை நீங்கி, ஜூலையில் முழுவதும் முடிந்தது. பத்துப் பெயர்களைத் தனியே சுட்டியபோது எழுந்த சந்தேகம், எல்லோருக்கும் ஒரே விதி என்றபோது எழவில்லை.

என்ன புரிகிறது?

எச்சரிக்கை வேண்டாம் என்று பயணிகள் சொன்னதில்லை. லாக்கர்பி குடும்பங்கள் கேட்டது அதிகமான தகவலைத்தான். அவர்கள் எதிர்த்தது, சிலருக்கு மட்டும் தெரிந்த தகவலை. நைஜீரியர்கள் எதிர்த்தது, ஊருக்கு ஊர் மாறும் தராசை. இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள். எல்லோருக்கும் சொல்லுங்கள், எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்து சொல்லுங்கள்.

சோதிப்பவரே சோதிக்கப்படாத வரை அந்தத் தீர்ப்பில் பாதி நம்பிக்கைதான் இருக்கும். வரிசையில் நிற்கும் பயணிக்குக் கொடி எது, கூட்டணி எது என்பது முக்கியமில்லை. தனக்கு முன்னால் போன பெட்டியை யாராவது சரியாகப் பார்த்தார்களா என்பது மட்டுமே முக்கியம். அந்தப் பெட்டி ஏறியது லாகோஸிலா வான்கூவரிலா என்று குண்டுக்குத் தெரியாது.