ஒற்றை மாலுமியும் தீவுகளின் கல்வியும்

சிறு பாய்ப்படகில் ஒரே ஆள் பசிபிக் தீவுகளைக் கடந்து போன கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜோஷுவா ஸ்லோகமிடமிருந்தே தொடங்குகிறார்கள். 1895 ஏப்ரலில் போஸ்டனிலிருந்து 'ஸ்பிரே' என்ற படகில் தனியே கிளம்பிய அவர், சுமார் 46,000 மைல் சுற்றி 1898 ஜூனில் நியூபோர்ட் திரும்பினார். உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மாலுமி அவர்தான். அந்தத் துணிவுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் வெப்பமண்டலக் கடலில் ஒரு மனிதனைக் கரைசேர்ப்பது அவனுடைய துணிவைவிட, பல தலைமுறைகள் சேர்த்து வைத்த அறிவே என்பது என் வாதம். அப்படிப் பார்த்தால் இந்த வரலாறு அந்தத் தீவுகளின் வழிகாட்டிகளிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்லோகமின் பயணமே இதற்கு முதல் சான்று. ஸ்பிரேயின் நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடிக்குச் சற்று அதிகம். 1896இல் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவை விட்டவர் 72 நாள் எங்கும் நிற்காமல் சமோவா சேர்ந்தார். மறு ஆண்டு தர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தமாகவே மூன்று மணிக்கும் குறைவு. தென்கிழக்கு வணிகக் காற்று நாள் தவறாமல் ஒரே பக்கமிருந்து வீசியது. நீண்ட அடிக்கட்டையும் அகன்ற வயிறும் கொண்ட படகு, பாய்களைச் சரியாக இழுத்துக் கட்டிச் சுக்கானையும் கட்டிவிட்டால் தன் திசையைத் தானே பிடித்துக்கொண்டது. முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம்தான் அவரிடம் இருந்தது. அதனால் நிலவுக்கும் பிற விண்பொருளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து தீர்க்கரேகை கணித்தார். அதற்குத் துணைநின்ற அட்டவணைகள் வானியலாளர்கள் பலரின் வாழ்நாள் உழைப்பு. சமோவாவில் எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சனின் மனைவி, மறைந்த கணவரின் இந்தியப் பெருங்கடல் வழிகாட்டி நூல்களை அவருக்குக் கொடுத்தார். படகில் ஆள் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நூலகமே இருந்தது.

தீவுவாசிகளுக்கு அந்த நூலகம் மனப்பாடமாக இருந்தது. மைக்ரோனேசியாவின் சதாவல் தீவில் பிறந்த மாவ் பியாய்லுக் தன் தாத்தாவிடம் சிறுவயதிலேயே பாடம் கேட்டார். தரையில் பாயை விரித்து 32 பவளக்கற்களை வட்டமாக வைப்பார்கள். குறிப்பிட்ட நட்சத்திரங்கள் உதிக்கும், மறையும் இடங்கள் அவை. நடுவில் ஒரு சிறு வள்ளம். தூரத்துப் புயலும் நிலையான காற்றும் எழுப்பிவிடும் நீள அலைகள் எத்திசையிலிருந்து வள்ளத்தின் எப்பக்கத்தில் மோதும் என்பதும் அதே பாயில் பாடமாகும். மாலையில் கரைக்குத் திரும்பும் வெள்ளை ஆலாக்களைக் கண்டால் தீவு சுமார் 20 மைலுக்குள் இருக்கிறது என்று அறிவார்கள். கண்ணுக்கு இன்னும் தெரியாத தீவை அந்தப் பறவைகள் முன்கூட்டியே காட்டிவிடும்.

இதற்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. 300 மைலுக்கு மேற்பட்ட கடலைத் திட்டமிட்டுப் போய்த் திரும்பத் தீவுவாசிகளால் முடிந்திருக்காது, காற்றும் நீரோட்டமும் அடித்துச் சென்றே தொலைதீவுகளில் குடியேறியிருப்பார்கள் என்று 1956இல் வரலாற்றாளர் ஆண்ட்ரூ ஷார்ப் எழுதினார். கருவியில்லாமல் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்ற அவருடைய ஐயம் நியாயமானதுதான். ஆனால் 1973இல் வெளியான கணினி ஆய்வு, வெறுமனே மிதந்து போய் ஹவாயையோ நியூசிலாந்தையோ அடைவது ஏறக்குறைய நடவாத காரியம் என்று காட்டியது. 1976இல் மாவ், 'ஹோகுலேயா' என்ற இரட்டை வள்ளத்தை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு, சுமார் 2,500 மைல், கருவி எதுவுமின்றி வழிநடத்திச் சேர்த்தார். இன்னொரு மறுப்பு: வள்ளங்களில் பலர் இருந்தார்கள், ஸ்லோகமோ தனியாள். உண்மை. உறக்கத்தையும் நோயையும் பகிர்ந்துகொள்ள ஆளின்றிப் போனது வேறு வகைச் சாதனை. ஆனால் பாயை இழுக்கவும் நீரை இறைக்கவும் கைகள் பல இருந்தாலும், வழியை மனத்தில் தாங்கியவர் வள்ளத்தில் ஒருவரே. திசை தவறினால் பொறுப்பும் அவருடையதே.

இந்த வேறுபாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அறிவு எங்கே தங்கியது என்பது. 1909இல் ஸ்லோகம் மறுபடி தனியே கடலுக்குப் போய்க் காணாமல் போனார். 1900இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. சாலமன் தீவுகளின் கிழக்கே ரீஃப் தீவுகளில் வாழ்ந்த டெவாகே, வானம் மூடிய வேளையிலும் அலையின் வரவை உடலால் உணர்ந்தே வழி காட்டியவர். 1970ஐ ஒட்டி முதுமையில் வள்ளமேறிப் போனவர் திரும்பவில்லை. அவர் அறிந்ததில் நமக்கு எஞ்சியிருப்பது, அவரோடு கடலில் சென்று அவரது முறைகளை எழுதிவைத்த டேவிட் லூயிஸ் 1972இல் வெளியிட்ட அளவே. தன் தீவில் கற்க வரும் இளைஞர்கள் குறைவதைக் கண்ட மாவ், வழக்கத்தை மீறி ஹவாயியருக்குக் கற்றுக்கொடுத்தார். 1980இல் அவருடைய மாணவர் நைனோவா தாம்சன் அதே கடலைத் தாமே வழிநடத்திக் கடந்து திரும்பினார். தனிப் பயணங்களின் பட்டியலில், கற்றுக்கொடுப்பது என்று மாவ் எடுத்த அந்த முடிவுக்கும் இடம் வேண்டும். ஒருவர் எத்தனை மைல் போனார் என்பதோடு, அந்த வழியை அவருக்கு யார் தந்தார்கள், அவரிடமிருந்து யார் பெற்றார்கள் என்றும் எழுதப்படும்போதே இந்த வரலாறு நேர்மையானதாகும்.