ஸ்டெப்னிக்காக ஒரு இருக்கையை இழந்த வண்டி



நேற்று தெருவில் நின்ற ஜிம்னியைப் பார்த்துப் பேரன் கேட்டான்: "தாத்தா, இதுக்கு மட்டும் ஸ்டெப்னி ஏன் வெளியே தொங்குது?" அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். வரலாற்று வாத்தியார் ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறுவதில்லை.

இந்த வண்டியின் மூலம் சுசுகி அல்ல. ஜப்பானில் ஹோப் என்றொரு சின்ன கம்பெனி, 1967 கடைசியில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு குட்டி ஜீப்பைச் செய்தது. கதவு கிடையாது. எஞ்சின் மிட்சுபிஷியிடம் வாங்கியது. விற்றது மிகச் சில வண்டிகள்தான். 

1968ல் அந்த வண்டியின் உரிமையை சுசுகி வாங்கியது. முன்னின்று வாங்க வைத்தவர் ஒசாமு சுசுகி. சுசுகி குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்து, அவர்கள் பெயரையே ஏற்றுக்கொண்டவர். விற்காத வண்டி நமக்கு எதற்கு என்று கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு. அவர் விடவில்லை.

சுசுகி தன் சொந்த 359 சிசி எஞ்சினைப் பொருத்தி, 1970 ஏப்ரலில் முதல் ஜிம்னியை வெளியிட்டது. அங்கேதான் ஸ்டெப்னி கதை வருகிறது. ஜப்பானில் 'கெய்' என்ற குட்டி வண்டி வகைக்கு வரி குறைவு. ஆனால் அன்றைய விதிப்படி நீளம் 3 மீட்டருக்குள், எஞ்சின் 360 சிசிக்குள் இருக்க வேண்டும். ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் நீளம் கூடிவிடும். அதனால் வண்டிக்குள்ளேயே, பின் இருக்கையில் ஒருவர் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டார்கள். மூன்று பேர்தான் போகலாம்! ஏற்றுமதி வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. ஸ்டெப்னி வெளியே போயிற்று. நாலாவது ஆளுக்கு இடம் கிடைத்தது.

அந்த வம்சத்தில் வந்ததுதான், 1985ல் நம் நாட்டுக்கு வந்த மாருதி ஜிப்ஸி. ராணுவத்திலும் போலீசிலும் பார்த்திருப்பீர்கள். 2025ல் இன்னொரு வேடிக்கை. ஹரியானாவில் செய்த ஐந்து கதவு ஜிம்னி ஜப்பானுக்கே போனது. நாலே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்ய, பதிவையே நிறுத்தினார்கள். அதைப் பார்க்க ஒசாமு இல்லை. 2024 டிசம்பரில், 94 வயதில் காலமாகியிருந்தார்.

பேரன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பத்தாம் வகுப்பில் என் மாணவன் ஒருவன் வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கங்களில் வண்டியாக வரைவான். ஒருநாள் எல்லார் முன்னாலும் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். இன்று அவன் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். என் காரையும் அவன்தான் பார்க்கிறான். கூலி வாங்க மறுக்கிறான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்று ஹோப் கம்பெனி வண்டியை வேண்டாம் என்றவர்கள் பக்கம் நின்றவன் நான். மன்னித்துவிடு. அடுத்த முறை வரும்போது ஒரு நோட்டு கொண்டுவருகிறேன். வரைந்து கொடு.