செங்கல்பட்டுக் கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு வசதிகள்

மாற்றுத்திறனாளிகள் விளையாடவும் பார்க்கவும் ஏற்றவாறு விளையாட்டிடங்களை அமைப்பது தமிழ்நாட்டில் அண்மைக்கால வரலாறே ஆகும். அவ்வரலாற்றின் சில முக்கியக் கட்டங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையோடு தொடர்புடையவை.

பின்னணி

1948 ஜூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சக்கர நாற்காலி வில்வித்தைப் போட்டியை நடத்தினார். பாராலிம்பிக்கின் தொடக்கம் அதுவே. 1972-இல் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். ஆனால் விளையாட்டுக் கட்டமைப்புகளை மாற்றுத்திறனாளிகளுக்காக மறுவடிவமைக்க வேண்டும் என்ற கடமை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில்தான் தெளிவாக எழுதப்பட்டது. பதக்கம் முந்தியது, பாதை பிந்தியது.

கோவளம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-இல் நிறுவப்பட்டது. அதற்கு அருகிலுள்ள கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு வழங்கும் இச்சான்றுக்கு 33 அளவுகோல்கள் உள்ளன. மாற்றுத்திறனாளிகள் கடற்கரைக்கு வந்துசெல்லும் வசதியும் அவற்றுள் அடங்கும்.

சதுரங்க ஒலிம்பியாடு

44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு 2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தது. ஒலிம்பியாடுகளில் நாட்டு அணிகளோடு, பன்னாட்டு பிரெய்ல் சதுரங்கச் சங்கம் போன்ற அமைப்புகளின் அணிகளும் ஆடுவது பல ஆண்டு வழக்கம்.

பார்வையற்றவர் ஆடும்போது இருவருக்கும் தனித்தனிப் பலகை வைக்கப்படும். பார்வையற்றவரின் பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் துளை உண்டு. காயின் அடியிலுள்ள முளை அதில் பொருந்திக்கொள்ளும். அதனால் விரலால் தடவிப் பார்த்தாலும் காய் இடம் மாறாது. கறுப்புக் காய்களில் தொட்டறியும் அடையாளம் இருக்கும். நகர்த்தலை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவை பன்னாட்டுச் சதுரங்க விதிகளிலேயே இடம்பெற்றவை. வசதி என்றதும் சாய்தளம் மட்டுமே நினைவுக்கு வருவது போதாது. விளையாட்டுக் கருவியும் விதியும்கூட வடிவமைப்புதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் தனி ஒலிம்பியாடு 2023 தொடக்கத்தில் செர்பியாவின் பெல்கிரேடில் நடந்தது.

மணலும் சாய்தளமும்

கட்டடங்களில் சாய்தளத்தின் வழக்கமான சரிவு 1:12 ஆகும். அதாவது 45 செ.மீ. உயரமுள்ள மேடைக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று இதைக் குறுக்கினால், சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமல் ஏற முடியாது. கடற்கரையில் சிக்கல் வேறு: நாற்காலியின் சிறிய முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும்.

இதற்குத் தீர்வாக, சென்னை மெரினாவில் சுமார் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, அலைகள் அப்பாதையின் கடலோரப் பகுதியைச் சிதைத்தன. பாதை பின்னர் சீரமைக்கப்பட்டது. பெசன்ட் நகர் கடற்கரையிலும் இதுபோன்ற மரப்பாதை அமைக்கப்பட்டது.