அரை நாள் பள்ளிக்கூடமும் அண்ணன் பெயர் இருந்த பதிவேடும்

ஜூலை 15 வந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். பள்ளிக்கூடங்களில் காமராஜர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுவார்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற கிழவர்கள் கைப்பேசியில் சண்டை போடுவார்கள். சண்டைக்கான பொருளும் வருஷா வருஷம் ஒன்றேதான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளிக்கூடத் திட்டம்.

இந்த வருஷம் சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது. "ராஜாஜி ஆறாயிரம் பள்ளிக்கூடங்களை மூடினார், காமராஜர் திறந்தார்" என்று ஒருவர் அனுப்பினார். "அது அருமையான திட்டம், நிபுணர் குழுவே பாராட்டியது, அரசியலுக்காகக் கெடுத்துவிட்டார்கள்" என்று இன்னொருவர் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். முதலாவதில் எங்கிருந்து எடுத்தது என்ற விவரம் இல்லை. இரண்டாவதில் பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்த மேல் பகுதியை வெட்டியிருந்தார்கள். நாற்பது வருஷமாக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இருவரும். இப்போது பேச்சுவார்த்தை இல்லை. "சார், நீங்க வாத்தியாரு, நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பேருமே என்னிடம் வந்தார்கள்.

தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1952 தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 பேர் கொண்ட சபையில் 152 இடம்தான். அந்த நெருக்கடியில்தான் ராஜாஜி முதலமைச்சரானார். மறு வருஷம், 1953 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய முறை வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறைந்தது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருந்து பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும்.

அரசாங்கம் சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து வருஷத்துக்குள் தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. 1951 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். கட்டடத்துக்கும் வாத்தியாருக்கும் பணம் இல்லை. அதே கட்டடத்தில் அதே வாத்தியாரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது கணக்கு.

எனக்கு அப்போது ஏழு வயது. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். ஒரே வாத்தியார், ஒரே கூடம், வாசலில் ஒரு வேப்பமரம். எனக்குக் காலை முறை. வெயில் ஏறுவதற்குள் விட்டுவிடுவார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிற்பகலில் பழகிய தொழில் என்ன? ஆட்டுக்குக் குழை ஒடித்தது, சாணி பொறுக்கியது, மாசி பங்குனியில் அம்மா கூடப் பருத்தி எடுக்கப் போனது. இதெல்லாம் எங்களுக்குப் புதிய பாடமே இல்லை. கரிசக்காட்டுப் பிள்ளை நடக்கத் தொடங்கியதுமே பழகுகிற வேலை. அருப்புக்கோட்டையில் தறிகாரர் வீட்டுப் பிள்ளையைத் தார் சுற்றச் சொல்லி யாராவது சட்டம் போட வேண்டுமா? அந்த வீடுகளுக்குக் கிடைக்காமல் இருந்தது எழுத்து ஒன்றுதான். அதற்கான நேரத்தைத்தான் குறைத்தார்கள்.

இனி இரண்டு நண்பர்களும் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் பெயர். 'குலக்கல்வித் திட்டம்' என்பது எதிர்த்தவர்கள் வைத்த பெயர். அரசாங்கத் தாள்களில் அது திருத்தப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம். பெரியார் அதைக் குலத் தொழிலை நிலைநிறுத்தும் திட்டம் என்று சொல்லித் தீவிரமாக எதிர்த்தார். தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுதான். ஈ. வெ. கி. சம்பத் தலைமையில் ராஜாஜி வீட்டு முன் மறியல் நடந்தது. அரசாங்க உத்தரவில் குலம் என்ற சொல்லைத் தேடி, அது இல்லை என்பதால் எதிர்ப்பே பொய் என்று சொல்வது தவறு. எதிர்ப்பு மேடையில் சொன்னதையெல்லாம் உத்தரவில் எழுதியிருந்ததாகச் சொல்வதும் தவறு. உத்தரவு ஒன்று, அதன் விளைவு பற்றிய அச்சம் வேறொன்று.

அடுத்தது ஆறாயிரம். இந்தத் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்தது. பள்ளியை மூடச் சொல்லவில்லை. மூடினார் என்பது தனிக் குற்றச்சாட்டு, அதற்குத் தனியாகச் சாட்சி கொண்டுவர வேண்டும். அரை நாள் திட்டம் உண்மை என்பதால் ஆறாயிரமும் உண்மையாகிவிடாது.

பள்ளிக்கூட எண்ணிக்கையை வைத்து வாதம் செய்கிறவர்கள், இரு தரப்பிலும், ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1953 ஜூலைப் பத்திரிகையில் 'சென்னை ராஜ்யம்' என்று இருந்தால் அதற்குள் ஆந்திரமும் உண்டு, மலபாரும் உண்டு, தென் கன்னடமும் உண்டு. அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் பிரிந்து போனது. 1956 நவம்பர் 1-இல் மலபாரும் தென் கன்னடமும் போயின, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன. ஒரு வருஷக் கணக்கையும் இன்னொரு வருஷக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கழித்தால், பிரிந்து போன ஜில்லாக்களின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் 'மூடப்பட்டவை' ஆகிவிடும்! பாகப்பிரிவினை ஆன வீட்டில் ஆடு குறைந்துவிட்டது என்று திருட்டுப் புகார் கொடுத்த கதைதான்.

மூன்றாவது, வருஷக் குழப்பம். "1938-இல் குலக்கல்வியை எதிர்த்துச் சிறை சென்றார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. ராஜாஜி இரண்டு தடவை சென்னையில் ஆட்சி நடத்தினார். 1937 முதல் 1939 வரை பிரதமர் என்ற பெயரில் இருந்தபோது வந்தது கட்டாய இந்தி. அந்தப் போராட்டத்தில்தான் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிரைக் கொடுத்தார்கள். அரை நாள் பள்ளி அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து வந்தது.

நான்காவது, நிபுணர் குழு. இங்கே குற்றவாளி நானே. பாருலேகர் குழு இந்தத் திட்டத்தை நிராகரித்தது, அதனால் காமராஜர் கைவிட்டார் என்று வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 1953 ஜூலைக் கடைசியில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. நிறுத்திவைத்து நிபுணர்களிடம் அனுப்பச் சொன்ன தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. ஆகஸ்டில் பாருலேகர் தலைமையில் குழு போட்டார்கள். நவம்பரில் வந்த அறிக்கை, சில திருத்தங்களைச் சொல்லி, திட்டத்தை ஆதரிக்கத்தான் செய்தது.

அப்படியானால் பத்திரிகைத் துண்டு அனுப்பிய நண்பர் சொன்னது சரி. ஆனால் அதை வைத்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. குழு சொன்னதற்குப் பிறகும் காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 மார்ச்சில் ராஜாஜி விலகுவதாகச் சொன்னார், வெளியே சொன்ன காரணம் உடல்நலம். ஏப்ரல் 13-இல் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். ராஜாஜி மந்திரிசபையில் நிதி அமைச்சராக இருந்தவரும், தலைவர் தேர்தலில் காமராஜரிடம் தோற்றவரும் அவரேதான். நவம்பர் மாதத் துண்டை மட்டும் படித்தவருக்கு மே மாதம் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னது மற்றவர்கள் படித்த பிழையும் நான் படித்த பிழையும். இனிச் சொல்வது எங்கள் வீட்டுப் பிழை.

எனக்கு ஐந்து வயது மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். கெட்டிக்காரர். வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்பிலேயே விட்டவர். ஏன் என்று யார் கேட்டாலும், "ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம் போட்டாரு, மத்தியானம் ஆடு மேய்க்கப் போனேன், ஆட்டோடயே போயாச்சு" என்பார். நானும் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஜூலை 15-க்கும் பிள்ளைகள் முன்னால் நின்று, "என் அண்ணன் படிப்பை நிறுத்தியது அந்தத் திட்டம்தான்" என்று குரல் நடுங்கச் சொல்வேன். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

நான் ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் அண்ணனுக்கு முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். வயதுச் சான்று கேட்டார்கள். அவருக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. நாங்கள் படித்த பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டோம். அவர் பீரோவிலிருந்து பழைய சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்தார். ஓரம் செல்லரித்த பெரிய நோட்டு. அண்ணன் பெயர், அய்யா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் நீக்கிய தேதி: 1952 ஆகஸ்ட். காரணம்: தொடர்ந்து வரவில்லை.

நான் மறுபடியும் படித்தேன். 1952 ஆகஸ்ட். அரை நாள் திட்டம் வந்ததோ 1953 ஜூனில். பத்து மாதம் முந்தியே அண்ணன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அவரிடம் போய், "அண்ணே, நீ நின்னது அம்பத்திரண்டுல. அந்தத் திட்டம் வந்தது அம்பத்துமூணுல" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெரியும்ப்பா. அந்த வருசம் மழை இல்ல, கெணத்துல தண்ணி இல்ல. மாட்டை வித்தாச்சு. ஆட்டையாவது காப்பாத்தணும், நீ கூடப் போன்னு அய்யா சொன்னாரு. ரெண்டு பேருல ஒருத்தன் போகணும்ல. அய்யாவைக் குத்தம் சொல்ல மனசு வரல. ஊரே ராஜாஜியச் சொல்லுச்சு, நானும் சொன்னேன்."

ரெண்டு பேரில் ஒருத்தன். இன்னொருத்தன் நான். அவர் ஆட்டின் பின்னால் போனதால்தான் நான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த உண்மையை ஒரு தவறான தேதிக்குள் ஐம்பது வருஷம் மூடி வைத்திருந்தார், அய்யாவுக்காக. எனக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. திருத்திச் சொல்லலாம் என்றால் எனக்கு வகுப்பறை இல்லை. என்னிடம் கேட்ட பிள்ளைகள் இப்போது தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணனும் இப்போது இல்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் திட்டம் நல்லதுதானே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்தத் திட்டம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு என் அண்ணன் கதை தேவையில்லை, ஆறாயிரமும் தேவையில்லை. கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம், டவுன் பிள்ளைக்கு முழு நாள். இந்த ஒன்று போதும். ஏற்கெனவே பின்னால் நின்றவனை இன்னும் பின்னால் நிற்கச் சொன்ன ஏற்பாடு அது. உண்மையான குறையைச் சொல்லப் பொய்ச் சாட்சி கொண்டு போனால், எதிரி அந்தச் சாட்சியை உடைத்துவிட்டு வழக்கையே ஜெயித்துவிடுவான்.

காமராஜர் பெருமைக்கும் அப்படித்தான். அவர் அப்பாவை இழந்து, விருதுநகரில் சின்ன வயதிலேயே படிப்பை விட்டவர். மழை இல்லாத ஊரில் பிள்ளை ஏன் பள்ளியை விடுகிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நேரத்தைத் திரும்பக் கொடுத்ததோடு நிற்காமல் மதிய உணவையும் கொடுத்தார். 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கினார்கள், நமக்குத் தெற்கே ஒரு பஸ் தூரம்தான். நான்கு வருஷம் முந்தி அது வந்திருந்தால், எங்கள் அய்யா ரெண்டு பேரில் ஒருத்தனைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்குமோ என்னவோ.

என் நண்பர்கள் இருவருக்கும் நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: ஒரு செய்தி வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். பிறகு அதைச் சொன்னது அரசாங்கமா, எதிர்க்கட்சியா, குழுவா என்று பாருங்கள். அன்றைக்கு ராஜ்யத்தின் எல்லை எதுவரை இருந்தது என்று பாருங்கள். அடுத்த மாதம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். அதற்கப்புறம் சண்டை போடுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்காருவார்களா என்பதுதான் தெரியவில்லை.

உங்கள் கிராமத்துப் பழைய பள்ளிகளிலும் இப்படிப் பதிவேடுகள் இருக்கும். ஒருநாள் போய் உங்கள் வீட்டார் பெயரைத் தேடிப் பாருங்கள். செல் அரிப்பதற்குள் பாருங்கள்.