இடைநிறுத்தமும் இசைவும்: அஞ்சல் இணைப்புத் தானியக்கத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே மடலைப் பலருக்கும் பெயர் மாற்றி அச்சிடும் அஞ்சல் இணைப்பு, தானியங்கித் தட்டச்சு இயந்திரக் காலம் முதல் இன்றைய சொற்செயலிக் காலம் வரை, இயக்குநரிடம் இடையிடையே கேள்வி கேட்டு நின்றே இயங்கி வந்துள்ளது. இந்த இடைநிறுத்தங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு இடம் மாறின, அவற்றை நீக்கும் முயற்சிகள் எதனைப் பணயம் வைத்தன என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இடைநிறுத்தம் என்பது மனித இசைவு பதிவாகும் இடம் என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சொற்செயலி, அஞ்சல் இணைப்பு, தானியக்கம், உரையாடல் பெட்டி, வேர்டுஸ்டார், மைக்ரோசாஃப்ட் வேர்டு, மேக்ரோ.

முன்னுரை

அழைப்பு மடல், நினைவூட்டல், கட்டண அறிவிப்பு போன்ற ஒன்றை நூற்றுக்கணக்கானோருக்கு அவரவர் பெயரும் முகவரியும் இட்டு அனுப்புவது அலுவலகங்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. மடலின் மாறாப் பகுதி ஓர் ஆவணத்திலும் மாறும் பகுதி ஒரு பட்டியலிலும் இருக்க, இரண்டையும் சேர்க்கும் வேலையைச் சொற்செயலி ஏற்கிறது. மெயில் மெர்ஜ் எனப்படும் இதனை இக்கட்டுரை அஞ்சல் இணைப்பு என்று குறிக்கிறது. இவ்வேலை தானே நடைபெறுமாறு ஒரு மேக்ரோவை எழுதி, மாலையில் அதனை இயக்கிவிட்டு வீடு திரும்பியவர், மறுநாள் காலையில் ஒரு மடல்கூட உருவாகாமல், திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி "தொடரலாமா?" என்று கேட்டுக் காத்திருப்பதைக் காண்பது அரிதன்று.

இக்கேள்விகளை அடக்கும் வழிகளைத் தொழில்நுட்பக் கையேடுகள் விரிவாகவே கூறுகின்றன. அவை முதலில் ஏன் கேட்கப்பட்டன என்பதற்கு அங்கு இடம் குறைவு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காலமும் காரணமும் உண்டு. அக்காரணத்தை அறியாமல் கேள்வியை நீக்குபவர், தாம் நீக்குவது யாருடைய இசைவு என்பதை அறியாமலே நீக்குகிறார்.

துளைச்சுருளும் நிறுத்தக் குறியும்

அஞ்சல் இணைப்பின் தொடக்கம் கணினிக்கு முந்தையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் தானியங்கித் தட்டச்சு இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது சிக்காகோவில் உருவான ஆட்டோ டைப்பிஸ்ட். தானே இசைக்கும் பியானோவின் நுட்பமே இதன் அடிப்படை. துளையிட்ட தாள்சுருளின் மீது காற்றழுத்தம் செயற்பட்டு விசைகளை அழுத்தும். மடலின் பொதுப்பகுதியை இயந்திரம் அடிக்கும். பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றுவிடும். தட்டச்சர் பெயரைக் கையால் அடித்துவிட்டு மீண்டும் இயக்குவார். ஒரே தட்டச்சர் பல இயந்திரங்களுக்கிடையே மாறிமாறிச் சென்று, நின்ற இயந்திரங்களை ஓடவைப்பதே இவ்வமைப்பின் சிக்கனம்.

இங்கு இடைநிறுத்தம் மடலின் உறுப்பாகவே இருந்தது. சுருளில் துளையிட்டவர் எந்த இடத்தில் மனிதக்கை வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். அந்த நிறுத்தத்தினால்தான் மடல் தனிமடலாயிற்று. அது இல்லையெனில் அச்சகத்தில் அடித்த சுற்றறிக்கையே போதுமானது.

பின்னர் வந்த ஃபிளெக்சோரைட்டர் தாள்நாடாவைப் பயன்படுத்தியது. 1957இல் ஃபிரைடன் நிறுவனம் இதன் உரிமையைப் பெற்றபின் அப்பெயராலேயே இது அறியப்படலாயிற்று. நாடாவில் பொறித்த நிறுத்தக் குறி இயந்திரத்தை நிறுத்தி இயக்குநரின் உள்ளீட்டுக்கு வழிவிட்டது. 1964இல் ஐபிஎம் வெளியிட்ட காந்த நாடாத் தட்டச்சு இயந்திரத்தின் இருநாடா வகையில் ஒரு நாடா மடலையும் மற்றொன்று முகவரிகளையும் தாங்கின. நிறுத்தக் குறி இருந்த இடத்தில் நாடாமாற்றக் குறி அமர்ந்தது. தட்டச்சர் பெயரை அடிக்கும் வேலை மறையவில்லை. அது முந்தைய நாளுக்கு நகர்ந்தது. பிற்காலத் தானியக்கம் அனைத்திலும் இதே நகர்வைக் காணலாம். இடைநிறுத்தத்தை நீக்குதல் என்பது பெரும்பாலும் அதற்குரிய விடையை முன்னதாகவே எழுதிவைத்தல்.

புள்ளிக் கட்டளைகளின் காலம்

1970களின் இறுதியில் மைக்ரோப்ரோ நிறுவனம் வெளியிட்ட வேர்டுஸ்டார், அஞ்சல் இணைப்பைத் தனிக்கணினிக்குக் கொணர்ந்தது. மெயில்மெர்ஜ் என்ற பெயரிலேயே அது முதலில் தனியே விற்கப்பட்ட துணைநிரலாக இருந்தது. வரியின் முதலிடத்தில் ஒரு புள்ளியும் இரண்டு எழுத்துகளும் கொண்ட கட்டளைகளால் அது இயங்கியது. டிஎஃப் என்னும் கட்டளை தரவுக் கோப்பைச் சுட்டியது. ஆர்வி என்பது கோப்பிலிருந்து மாறிகளைப் படித்தது. ஏவி என்பது இயக்குநரிடம் மாறியைக் கேட்டது.

ஆர்வி, ஏவி என்னும் இவ்விரு கட்டளைகளும் நமக்கு முக்கியமானவை. ஒன்று பட்டியலை நம்புகிறது. மற்றது எதிரில் அமர்ந்திருப்பவரை நம்புகிறது. இடைநிறுத்தம் வேண்டுமா என்பதை மடலை எழுதுபவரே இரண்டு எழுத்துகளில் தெரிந்தெடுத்தார். இவ்வளவு தெளிவான தெரிவு பின்வந்த எந்தச் சொற்செயலியிலும் பயனருக்குக் கிடைக்கவில்லை என்றே கருதத் தோன்றுகிறது.

ஆனால் வேர்டுஸ்டார் தானாகவும் ஒரு கேள்வி கேட்டது. அச்சிடத் தொடங்குமுன், ஒவ்வொரு பக்கத்துக்கும் தாள் மாற்ற நிற்கவேண்டுமா என்று வினவியது. தொடர்தாள் பயன்படுத்துவோர் இல்லை என்றனர். நிறுவனத்தின் பெயர் பொறித்த தனித்தாள்களில் அச்சிடுவோர் ஆம் என்று விடையளித்து, ஒவ்வொரு தாளையும் கையால் செருகினர். கேள்வி தாளின் இயல்பிலிருந்து பிறந்தது. தாள் தட்டு பரவியதும் மறைந்தது. பொருளால் எழுந்த இடைநிறுத்தங்கள் இவ்வாறு ஓசையின்றி மறைந்தன. அவற்றுக்காக எவரும் வருந்தியதில்லை.

"இடைநிறுத்தாமல்" என்னும் தெரிவு

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஏவி கட்டளையின் இடத்தை ஆஸ்க், ஃபில்இன் என்னும் புலங்கள் ஏற்றன. இயல்பாக இவை ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை கேட்கும். முந்நூறு மடலுக்கு முந்நூறு முறை. புலத்தின் இறுதியில் பின்சாய்கோடும் ஓ எழுத்தும் சேர்த்தால் இணைப்பின் தொடக்கத்தில் மட்டும் ஒருமுறை கேட்டு, அவ்விடையையே எல்லா மடலுக்கும் கொள்ளும். மடலின் தேதி, கையொப்பமிடுபவரின் பதவி போன்றவற்றுக்கு இது பொருந்தும். பெறுநருக்கேற்ப மாறும் செய்திக்குப் பொருந்தாது.

பிழை நேரும்போது செய்யவேண்டியது யாது என்பதற்கு வேர்டின் இணைப்புப் பகுதி மூன்று தெரிவுகளை முன்வைத்தது. இணைப்பைப் பாவனையாக நடத்திப் பிழைகளைத் தனி ஆவணத்தில் அறிவித்தல். இணைப்பை நடத்தி ஒவ்வொரு பிழையிலும் நின்று கூறுதல். இடைநிறுத்தாமல் முடித்துவிட்டுப் பிழைகளைத் தனி ஆவணத்தில் எழுதுதல். 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் விசுவல் பேசிக் மொழி வேர்டுக்குள் வந்தபின், இத்தெரிவு எக்சிகியூட் என்னும் செயற்கட்டளையின் ஒரே அளபுருவாகச் சுருங்கியது. அதன் பெயர் பாஸ். அதன் மதிப்பைப் பொய் என்று அமைத்தால் இணைப்பு நிற்பதில்லை. பிழை அப்போதும் மறைவதில்லை. ஓர் ஆவணத்தில் எழுதப்படுகிறது. அதனைப் படிப்பவர் உண்டா என்பது நிரலின் கவலையன்று. பாஸை அணைத்துவிட்டுப் பிழை ஆவணத்தைச் சேமிக்காமல் மூடும் மேக்ரோக்கள், இடையூற்றோடு சான்றையும் சேர்த்தே அழிக்கின்றன.

டிஸ்ப்ளேஅலெர்ட்ஸ் என்னும் பண்பு இதனினும் பரந்தது. அதனை அணைத்தால் வேர்டு தன் எச்சரிக்கைகளைக் காட்டாமல், விடை தேவைப்படும் இடங்களில் இயல்பிருப்பு விடையைத் தானே கொள்கிறது. எனவே இங்கே கேள்வி நீங்கவில்லை, விடையளிப்பவர் மாறினார். மென்பொருளை வடிவமைத்தவர் என்றோ குறித்துவைத்த விடை, இன்று மடல் அனுப்புபவரின் விடையாகிறது.

தமிழ் மடலும் வேற்றுமை உருபும்

இவ்விடத்தில் தமிழ் மடல் பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஆங்கிலத்தில் பெயர் மாறாது நிற்கும். முன்னிடைச்சொல் அதற்கு முன்னே வரும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டும். முருகன் முருகனுக்கு ஆவார். மாலா மாலாவுக்கு ஆவார். வள்ளி வள்ளிக்கு ஆவார். பெயர்ப் புலத்தை அடுத்துக் "க்கு" என்று எழுதிவிட்டு இணைப்பை ஓடவிட்டால், மூவருள் ஒருவருக்கே மடல் பிழையின்றி அமையும். புணர்ச்சி விதிகளை நிபந்தனைப் புலங்களாக எழுதுதல் இயலும். ஆயினும் அது இலக்கண நூலை மடலுக்குள் புகுத்துவது போன்றது. நம் அலுவலக வழக்கு இதற்கு முன்பே ஒரு தீர்வைக் கொண்டிருந்தது. "திரு. முருகன் அவர்களுக்கு" என்னும்போது உருபை ஏற்பது "அவர்கள்" என்னும் சொல், பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பும் படிவங்களுக்கு உதவிய இம்மரியாதைப் பன்மை, இடையூறற்ற இணைப்புக்கும் உதவுகிறது. தமிழ்ப் பட்டியல் எளிய உரைக் கோப்பாக இருப்பின் மற்றொரு கேள்வி எழக்கூடும். வேர்டு அக்கோப்பின் குறியாக்கம் எதுவெனக் கேட்கும். தவறான விடையளித்தால் பெயர்கள் உருக்குலையும். இதனைப் பெட்டியை அடக்குவதால் தீர்ப்பதினும், கோப்பை ஒருங்குறியில் முறையாகச் சேமிப்பதால் தீர்ப்பதே நன்று.

ஐயத்தின் கேள்விகள்

இதுவரை கண்ட கேள்விகள் தாளையும் செய்தியையும் பிழையையும் பற்றியவை. 1999ஆம் ஆண்டுக்குப்பின் வந்தவை வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவ்வாண்டு மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிசா, வேர்டு மேக்ரோவாக எழுதப்பட்ட நச்சுநிரல். அது அவுட்லுக் முகவரி ஏட்டின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பியது. பொருள்வரியில் அக்கணினியின் பயனரது பெயரைத் தானே இட்டுக்கொண்டது. அமைப்பு நோக்கில் காணின், மாறா உரை, மாறும் பெயர், முகவரிப் பட்டியல் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. மெலிசா, கேள்வி எதனாலும் தடைபடாத ஓர் அஞ்சல் இணைப்பே.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐ லவ் யூ என்னும் நச்சுநிரலும் பரவியபின், மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கிற்கு ஒரு பாதுகாப்பு இற்றைப்படுத்தலை வெளியிட்டது. ஒரு நிரல் பயனர் சார்பில் மின்னஞ்சல் அனுப்ப முயன்றால் பெட்டி தோன்றி இசைவு கேட்டது. "ஆம்" என்னும் பொத்தான் ஐந்து நொடிகளுக்குச் செயலற்றிருந்தது. மனிதர் படிக்கவேண்டும் என்பதற்காக இயந்திரம் காத்திருந்த அரிய தருணம் இது. நேர்மையான அலுவலகங்களில் இதன் விளைவு எளிதில் கணிக்கத்தக்கது. முந்நூறு மின்னஞ்சலுக்கு முந்நூறு பெட்டிகள் எனில், காத்திருப்பு மட்டுமே இருபத்தைந்து நிமிடங்கள். விரைவிலேயே அப்பொத்தானைத் தாமே அழுத்தும் சிறு செயலிகள் புழக்கத்துக்கு வந்தன. மனிதருக்கென்று வைத்த கேள்விக்கு மற்றொரு நிரல் விடை சொல்லிற்று. அச்செயலி இயங்கும் கணினியில் நச்சுநிரலுக்கும் அதே "ஆம்" கிடைக்கும் என்பதை எண்ணியோர் எத்தனை பேர்? அவுட்லுக்கின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு, புதுப்பிக்கப்பட்ட நச்சுநிரல் தடுப்பான் உள்ள கணினியில் இக்கேள்வியைத் தளர்த்தியது.

வேர்டிலும் இத்தகைய கேள்வி ஒன்று நுழைந்தது. வேர்டு 2003 பதிப்பிலும், 2004இல் ஆஃபீஸ் எக்ஸ்பிக்கு வந்த மூன்றாம் சேவைத் தொகுப்பிலும், தரவு மூலத்தோடு பிணைந்த மடலைத் திறந்தால், இந்த ஆவணம் ஓர் எஸ்கியூஎல் கட்டளையை இயக்கும், தொடரலாமா என்று பெட்டி கேட்டது. இல்லை எனின் மடல் தரவின்றித் திறக்கும். இதனை நிறுத்த இருவழிகள் வழங்கின. ஒன்று, விண்டோஸ் பதிவேட்டில் எஸ்கியூஎல்செக்யூரிட்டிசெக் என்னும் மதிப்பைச் சுழியமாக்குதல். இது அப்பயனர் திறக்கும் எல்லா ஆவணங்களுக்கும் கேள்வியை நீக்கிவிடும். மற்றது, மடலைத் தரவு மூலத்திலிருந்து பிரித்து எளிய ஆவணமாகச் சேமித்து, மேக்ரோவே ஓபன்டேட்டாசோர்ஸ் கட்டளையால் ஒவ்வொரு முறையும் தரவை இணைத்துக்கொள்ளுதல்.

இரண்டும் ஒரே பயனைத் தருவன போலத் தோன்றினும், இவற்றிடையே உள்ள வேறுபாடே இவ்வரலாற்றின் சாரம். பெட்டி ஐயுற்றது ஆவணத்தை. எங்கிருந்தோ வந்த ஓர் ஆவணம் தன்னுள் ஒரு கட்டளையைச் சுமந்து வந்து, திறந்தவுடன் தரவுத்தளத்தை அணுக முற்படுகிறது. இரண்டாம் வழியில் கட்டளை ஆவணத்தில் இல்லை. எந்தத் தரவு, எந்த அட்டவணை என்று பெயர் சுட்டி எழுதிய நிரலில் இருக்கிறது. இசைவு முன்னரே, குறிப்பாக, ஒருவரால் வழங்கப்பட்டுள்ளது. எனவே கேள்விக்குத் தேவை எழவில்லை. முதல் வழியிலோ எவருக்கும் எதற்கும் இசைவு தரப்படுகிறது. காந்த நாடாவில் நாடாமாற்றக் குறியைப் பொறித்தவரின் செயலுக்கு நெருக்கமானது இரண்டாம் வழியே.

பார்ப்பாரற்ற திரை

வேர்டைச் சேவையகத்தில் மறைவாக இயக்கி மடல்களை உருவாக்கும் முறை இணையப் பயன்பாடுகளோடு பரவியது. இம்முறையைத் தாம் பரிந்துரைக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுக் கட்டுரையில் அறிவித்தது. திரைமுன் ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணத்தில் வடிவமைத்த மென்பொருள், எதிர்பாராத இடத்தில் ஒரு பெட்டியைத் திறக்கக்கூடும். அதனை அழுத்த எவருமில்லை. பணி அங்கேயே உறைந்துவிடும். அச்சிடும் பரப்புக்கு வெளியே ஓரங்கள் அமைந்துள்ளன என்னும் சிறு எச்சரிக்கைகூட இதற்குப் போதும்.

2006இல் எக்மா தரமாக ஏற்கப்பட்டு, வேர்டு 2007 முதல் இயல்பான சேமிப்பு வடிவமான ஓபன் எக்ஸ்எம்எல், இச்சிக்கலுக்குப் புறவழி ஒன்றைத் திறந்தது. மடல் என்பது சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்புகளின் தொகுதியானதால், வேர்டைத் திறக்காமலே வேறு நிரல்கள் அதில் பெயர்களை நிரப்ப முடிந்தது. கேட்கும் மென்பொருளே அங்கில்லாததால் கேள்வியும் இல்லை. விடுபட்ட முகவரியும் வெறுமையான பெயர்ப் புலமும் அப்படியே அச்சேறும். அவற்றைச் சோதிக்கும் வரிகளை நிரலாளரே எழுதவேண்டும். பாவனை இணைப்பு என்னும் வேர்டின் பழைய தெரிவை அவர் மீண்டும் தம் கையால் கட்டவேண்டியவராகிறார்.

மேக்ரோவின் நிலையும் இதனிடையே மாறியது. இணையத்திலிருந்து வந்த ஆவணங்களின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 பிப்ரவரியில் அறிவித்தது. அதுவரை மஞ்சள் பட்டையில் ஒரு பொத்தான் இருந்தது. பயனர் அழுத்தினால் மேக்ரோ ஓடியது. புதிய பட்டையில் அப்பொத்தான் இல்லை. இணைப்பு மேக்ரோவைத் தாங்கிய மடல் ஒன்றைப் பிறரிடமிருந்து மின்னஞ்சலில் பெறுபவரிடம் வேர்டு இசைவு கேட்பதில்லை. தடுத்துவிட்டதாக மட்டும் தெரிவிக்கிறது.