படகுத்துறை இல்லாத கரையில் படகோட்டப் பயிற்சி

கடப்பாக்கத்துக்கு ஒரு காலத்தில் படகுத்துறை இருந்தது. ஆலம்பரைக் கோட்டையை ஒட்டி ஏறத்தாழ 100 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டிருந்த துறையில் சரக்கு ஏறி இறங்கியது. கோட்டைக்குள் நாணயம் அச்சடித்தார்கள். 1750இல் கோட்டை பிரெஞ்சு கவர்னர் டியூப்ளே கைக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்துப் போட்டார்கள். அதன் பிறகு நம் குப்பங்களின் படகுகளுக்கு மணல்தான் துறை. அலையைக் கிழித்து வெளியே போவதும், அலையின் முதுகில் ஏறிக் கரை சேர்வதும் தான் இங்கே படகோட்டம்.

படகோட்டப் பயிற்சி நிறுவனங்களின் வரலாற்றை நம் கரையிலிருந்து எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்த இடிந்த துறைதான். உலகில் எங்கே மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தாலும் முதல் பாடம் துறைமேடையில்தான் தொடங்குகிறது. எப்படிக் கயிற்றை அவிழ்ப்பது, எப்படி விலகுவது, எப்படி மறுபடி வந்து அணைவது என்று. நமக்கோ அணைவதற்கு மேடையில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த பயிற்சிகள் எது நம்மைத் தொட்டது, எது தொடாமல் போனது என்பது விளங்கும்.

முதலில் வந்தது மத்திய அரசு. 1963இல் கொச்சியில் மீன்பிடிக் கப்பல் பணியாளர்களுக்கான பயிற்சி நிறுவனம் தொடங்கியது. இன்று அதைச் சுருக்கமாக சிஃப்நெட் என்கிறார்கள். அதன் சென்னைக் கிளை 1968இல் வந்தது, ராயபுரத்தில். கப்பல் செலுத்துபவருக்கு ஒரு வகுப்பு, என்ஜின் பார்ப்பவருக்கு ஒரு வகுப்பு, இரண்டாண்டுப் படிப்பு, பிறகு கடலில் பணி நாட்கள், அதற்கும் பிறகு அரசுத் தேர்வு. நல்ல நிறுவனம்; ஆழ்கடல் கப்பல்களுக்கு ஆள் தந்தது. ஆனால் அங்கே சேர்ந்த குப்பத்துப் பையன் கப்பலுக்குப் போய்விடுவான், ஊருக்குத் திரும்பிக் கட்டுமரம் தள்ள மாட்டான். கட்டுமரத்தோடு இருந்தவனுக்கு அப்பாவும் சித்தப்பாவும்தான் வாத்தியார்.

கட்டுமரத்துக்கு என்ஜின் எப்படி மாட்டுவது என்ற கேள்வியை மெனக்கெட்டு யோசித்தவர்கள் வங்காள விரிகுடாத் திட்டத்தார். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய திட்டம் அது. அலை உடையும் மணற்கரையில் இறங்கி ஏறக்கூடிய என்ஜின் படகு வேண்டும் என்று அவர்கள் பல மாதிரிகளைக் கட்டி நம் கிழக்குக் கரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நார்வேக்காரரான கப்பல் வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் அதில் முக்கியமானவர். சிக்கல் எங்கே என்றால், படகு கரையேறும் கடைசி நிமிடத்தில் சுழலி மணலில் இடிக்கும். அதற்காக முன்கூட்டியே என்ஜினை நிறுத்தினால் பின்னால் வரும் அலை அமரத்தைத் தூக்கிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். ஆகவே டீசல் என்ஜினை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, பெட்டி, தண்டு, சுழலி மூன்றையும் சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஐ.என்.டி.-20 என்ற மாதிரி அதில் பேர் பெற்றது.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரையேறும் அந்தச் சில வினாடிகளைப் படகோட்டத்தின் மையப் பிரச்சினையாக ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அதன் பிறகு வந்த பயிற்சிகள் எல்லாம் அமைதியான நீரை நினைத்து எழுதப்பட்டவை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. சுனாமி கட்டுமரங்களை அள்ளிச் சென்றது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அமரத்தில் லாங் டெயில் டீசல் என்ஜின். அதன் நீளத் தண்டைக் கையால் அழுத்தினால் சுழலி நீரிலிருந்து மேலே வந்துவிடும் என்பதால் ஆழமில்லாத கரைக்கு அது தோதாக அமைந்தது. வெளிநாட்டு நிபுணர் பெட்டி செய்து தீர்த்த பிரச்சினையை ஒரு நீளக் கம்பி மலிவாகத் தீர்த்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். படகு கொடுத்தவர்களில் பலர் சாவியோடு நிறுத்திக்கொண்டார்கள். என்ஜினுக்குப் பழகாத கைகள் அதில் அடிபட்டே பழகின.

இனி உப்பங்கழிப் பக்கம் வருவோம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் ஏற்பட்டது. அதன் முட்டுக்காடு படகுக் குழாம் 1984இல் திறந்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், ஓதியூர் ஏரியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி முதலியார்குப்பம் குழாம் இருக்கிறது. மோட்டார் படகு, வேகப் படகு, நீர் ஸ்கூட்டர் எல்லாம் அங்கே ஓடுகின்றன. மணல்திட்டின் இந்தப் பக்கம் அலையில்லை, மேடை உண்டு, பயணச்சீட்டு உண்டு. ஆனால் இங்கே வேறு ஒன்று கூடுகிறது: படகில் இருப்பது மீன் அல்ல, மனிதர்கள். அதுவும் நீந்தத் தெரியாதவர்கள், சொன்னால் உட்காராதவர்கள்.

இப்படிப்பட்ட தலங்களுக்கு ஆள் தயாரிக்கத்தான் 1990இல் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் சுற்றுலா, பயண மேலாண்மைக் கல்வி நிறுவனத்தோடு இணைந்தது. மோட்டார் படகு கையாளுதல், உயிர்காப்பு என்று குறுகிய கால வகுப்புகள். சுற்றுலாத் தலத்தில் படகோட்ட வருபவரிடம் பெரும்பாலும் கேட்கப்படும் சான்று அதுவே.

வகுப்பில் என்ன கற்றுத்தருகிறார்கள்? வெளியிலிருந்து பார்ப்பவர் வேகம் என்று நினைப்பார். உண்மையில் பாதிப் பாடம் மெதுவாகப் போவதைப் பற்றியது. காரைத் திருப்பினால் முன்பக்கம் போகும், பின்பக்கம் தொடரும். படகில் அமரம்தான் முதலில் வெளியே வீசும். இது கைக்குப் பழகாதவர் மேடையைவிட்டு விலகும்போதே அதில் இடிப்பார். அணையும்போது காற்று, வெள்ளம் இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து வரவேண்டும். அப்போது படகு தானாக மெதுவாகும். நீரில் விழுந்தவரை நெருங்கும்போது என்ஜினை நியூட்ரலில் போட்டுவிட வேண்டும், சுழலி சுற்றக் கூடாது. இவற்றை முறையாக ஏணிப்படி அமைத்தவர்கள் பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன். முதல் நிலை ஒரு நாள். இரண்டாம் நிலை இரண்டு நாள், அதில் 12 வயதுப் பிள்ளைகளும் சேரலாம். பிறகு மீட்புப் படகு, இடைநிலை, கடைசியாக இரவுப் பயணத்தோடு உயர்நிலை, அதற்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும். நம் பக்கம் இந்த மரபுக்கு நெருங்கிய உறவு பாய்மரக் கிளப்புகள்தான். சென்னைத் துறைமுகத்துக்குள் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் ஏற்படுத்திய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் மோட்டார் படகு என்பது கவிழ்ந்த பாய்ப்படகைக் காக்க ஓடும் துணைப் படகு.

ஒரு சின்னக் கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்டுபவர் தொடையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளும் கில் கார்டு. அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பத்தார் ஆறு பேரும் படகிலிருந்து தூக்கியெறியப்பட்டார்கள். கயிறு மாட்டப்படவில்லை. ஆளில்லாப் படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். பயிற்சிக்குப் பேர்போன நாட்டில் நடந்தது இது.

நம் பக்கத்து விபத்துகளோ பெரும்பாலும் ஆள் கணக்கால் வந்தவை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகை என்ற இரண்டடுக்குப் படகு, பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததில் கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். ஓட்டத் தெரியாததால் வந்த சாவுகள் அல்ல இவை. ஏறாதே என்று சொல்லும் அதிகாரம் ஓட்டுபவர் கையில் இல்லாததால் வந்தவை. 1917ஆம் ஆண்டின் பழைய உள்நாட்டுக் கலன்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதுச் சட்டம் வந்து, ஓட்டுபவரின் தகுதிச் சான்று, கலனின் பரிசோதனை எல்லாவற்றையும் நாடு முழுவதற்கும் ஒரே முறையில் கொண்டுவந்திருக்கிறது. சான்று வந்துவிடும். அந்த அதிகாரம் வருமா என்பதைக் குழாம் மேலாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

படகோட்டம் கற்க மீன்வளம் ஒரு வாசல், சுற்றுலா இன்னொரு வாசல் என்றால், மூன்றாவது வாசல் காவல் துறை. 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு, 2005இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 12 நிலையங்களும் 24 படகுகளும் கிடைத்தன. கடலோரக் காவல் படை பயிற்சி கொடுத்தது. மீனவ இளைஞர்களைக் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தயார்செய்யும் வகுப்புகளையும் இந்தக் குழுமம் நடத்துகிறது. சீருடை வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் பெருமைதான். ஆனால் கடல் தெரிந்த பிள்ளை மறுபடி ஊரைவிட்டுப் போகிறான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மூன்று வாசல்கள், மூன்று துறைகள், ஒன்றின் சான்று இன்னொன்றில் எளிதில் செல்லாது. முப்பது வருடம் முகத்துவாரம் கடந்த ஓட்டி, சுற்றுலாப் படகுக்கு வந்தால் முதல் நிலை மாணவர். சான்று பெற்ற உயர்நிலை ஓட்டியைக் கடப்பாக்கம் மணலில் நிறுத்தி, அலைகளை எண்ணி, பெரியவை கடந்தபின் வரும் அமைதியில் அணியத்தை வெளியே தள்ளச் சொன்னால் அவர் முதல் நிலைக்கும் கீழே. இருவருக்குமே மற்றவரிடம் கற்க நிறைய இருக்கிறது. மீனவருக்குக் கில் கார்டும், உயிர்காப்பு மேலாடையும், ஆள் கணக்கும், மற்றவருக்கு அலை. நம் கரைக்கென்று ஒரு பாடத்திட்டம் எழுதினால் தொடக்க நிலையை ஓதியூர் ஏரியில் வைக்கலாம், இடைநிலையை எடையந்திட்டுக் கழிமுகத்தின் உட்புறத்தில் வைக்கலாம், உயர்நிலைக்கு ஆலம்பரைக்கு முன்னால் உடையும் அலையே போதும். அந்தக் கடைசி நிலைக்குத் தேர்வாளராக வெளியூர் நிபுணரோடு குப்பத்துப் பெரியவர் ஒருவரும் உட்கார வேண்டும். அவர் கையெழுத்தும் சான்றிதழில் இருக்க வேண்டும்.

காலம் குறிப்பதில்தான் கொஞ்சம் சங்கடம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அரசு வகுப்பு நடத்த வசதியான நேரமாக அதிகாரிகளுக்கு அதுதான் தோன்றும். நம் ஃபைபர் படகுகள் அப்போதும் கடலுக்குப் போகின்றன. நம்மவர் சும்மா இருப்பது ஐப்பசி, கார்த்திகையில், வாடை வீசும் நாட்களில். தொடங்குபவருக்கு அது ஆகாத காலம். உயர்நிலைக்காரரைக் கரையில் நிற்கவைத்து, இன்றைக்கு ஏன் போகக் கூடாது என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல காலமில்லை.