துப்பாக்கிக் குழலின் ஆத்மா

போன வாரம் பரண் மேலிருந்து ஒரு பழைய பொருளை இறக்கினேன். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் சரித்திரம் கொஞ்சம் உள்ளே நுழைந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொருள் என் தாய்மாமாவின் காற்றுத் துப்பாக்கி. மாமா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த நம்மூர்த் தமிழருக்கு அந்தப் பெயர். மாமா சைகோனில் இருந்தார். பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவை விட்டு வெளியேறிய பிறகு ஜெர்மனியில் ஒரு பிரெஞ்சு முகாமில் சில வருஷம் இருந்துவிட்டு, 1960-இல் பென்ஷனோடு முத்தியால்பேட்டை வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு டயானா காற்றுத் துப்பாக்கியையும் கொண்டு வந்தார். டயானாவின் தொழிற்சாலை 1890-இல் ராஸ்டாட் என்ற ஊரில் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர் கட்டுப்பாட்டில் இருந்தது. நம்மூர் சொல்தாவின் தோளில் ஜெர்மன் துப்பாக்கி ஏறிய வழி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தோட்டத்துச் சுவரில் காலி சார்தின் டப்பாவை வைத்துப் பத்து ரவை சுடுவார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் துடைப்பார். சுடுவதற்கு ஆகும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் அதிகம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பிரெஞ்சுப் பள்ளி மாணவன். "பத்து ரவைக்கு எதுக்கு மாமா இவ்வளவு?" என்று கேட்டேன். "தம்பி, இதுக்குள்ள இருக்கிற பொந்துக்கு என்ன பேரு தெரியுமா? ஆம்" என்றார். நான் என்னமோ ஆமோதிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பிரெஞ்சில் ஆத்மாவுக்கு 'ஆம்' என்றுதானே சொல்வோம், அந்த மொழியில் துப்பாக்கிக் குழலின் உள்வெளிக்கும் அதே சொல். நான் பாடத்தில் படித்த ஆத்மா வேறு. மாமா எக்கூவியோன் விட்டுத் துடைத்த ஆத்மா வேறு. (எக்கூவியோன் என்பது குழலுக்குள் விடும் பிரஷ்.)

அவர் துடைத்த முறையைப் புரிந்துகொள்ளப் பழைய வெடிமருந்திலிருந்து தொடங்க வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கறுப்பு மருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பகுதி குழலின் சுவரில் அப்பிக்கொள்ளும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்பு வகை. இரவு அப்படியே விட்டால் காலையில் துரு. போர்க்களத்தில் சில பத்து ரவை சுட்டதும் குண்டு உள்ளே இறங்காமல் முரண்டு பிடிக்கும். சிப்பாய்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், தண்ணீர் இல்லாத இடத்தில் மூத்திரமும் உதவியிருக்கிறது.

1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு ரசாயனி புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். 1886-இல் அதற்கென்றே லெபெல் துப்பாக்கி வந்தது. புகை போயிற்று, கசடும் குறைந்தது. ஆனால் துரு மட்டும் போகவில்லை! காரணம் மருந்தில் இல்லை, தோட்டாவின் அடியில் இருந்த பற்றவைப்புக் குப்பியில். அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிந்தது. ஏறக்குறைய சமையல் உப்பின் உடன்பிறப்பு. இதற்கு எண்ணெய் தடவிப் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் புனல் கொடுத்து, குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பிறகு எண்ணெய் போடச் சொன்னார்கள். என்.சி.சி.யில் முந்நூற்று மூன்றைத் துடைத்த நண்பர்களுக்குப் புல்த்ரூ கயிறு நினைவிருக்கும். 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மானியர் துருப்பிடிக்க வைக்காத குப்பியைக் கொண்டு வந்தார்கள். ஆனால் தன் கையில் கொடுத்த தோட்டா எந்த வகை என்று சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் ஒரே விதி: சுட்டால் துடை. மாமா அந்த விதியில் வளர்ந்தவர்.

காற்றுத் துப்பாக்கியில் நெருப்பே கிடையாது. ஆகவே உப்பும் இல்லை, கரியும் இல்லை. இது பொம்மைச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரான்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைப் படைக்கே கொடுத்தது. பின்கட்டைதான் காற்றுக் கலம். அதை நிரப்ப ஏறக்குறைய 1500 முறை பம்ப் அடிக்க வேண்டும். நிரம்பினால், இருபது குண்டுகளைப் புகையில்லாமல், மருந்து திணிக்க எழுந்து நிற்காமல், படுத்தபடியே சுடலாம். மற்றவன் மருந்து இடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது! பிடிபட்ட காற்றுத் துப்பாக்கிக்காரனைக் கொல்ல நெப்போலியன் உத்தரவிட்டதாக ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதை, அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல ஆயுதம் ஏன் நிலைக்கவில்லை? பராமரிப்பில் தோற்றது. காற்றுக் கலம் கசியும். வால்வின் தோல் வாஷர் காய்ந்தால் காற்று நிற்காது, அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பழுது பார்க்கத் தனிப்பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். சாதாரணக் கொல்லனால் ஆகாது. அமெரிக்காவின் மேற்கே வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் பயணத்திலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அது ஜிரான்டோனி வகை என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். 1803 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அருகே ஒருவர் அதை வாங்கிப் பார்க்கும்போது தவறி வெடித்து, நாற்பது கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டை உரசிவிட்டது. நல்ல வேளை, பிழைத்தாள். 1805 ஜூனில் அதன் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தவர் கூடப் போயிருந்த ஷீல்ட்ஸ் என்ற கொல்லர். அந்தப் படையோடு அப்படி ஒரு கைவினைஞர் இருந்தார், ஆஸ்திரிய ராணுவத்தில் ஒவ்வொரு படைக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

மாமாவுடையது கலம் வைத்தது அல்ல, ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் ஸ்பிரிங் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும், விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளும். இதில் குழலில் சேர்வது ஈயம் மட்டுமே. ரவை மென்மையான ஈயம், சுழல் வரிகளில் மெல்லிய படலமாக ஒட்டும். அதற்கு எண்ணெய் அதிகம் தேவையில்லை. மாமா குழலை மடக்கி, ரவை போடும் பக்கமிருந்து கயிற்றை விட்டு, துணியை வாய்ப்பக்கமாக இழுப்பார். எதிர்ப்பக்கமாக ஒருநாளும் இல்லை. குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழலின் வாய் விளிம்பு. அங்கே ஒரு கீறல் விழுந்தால் குறி போய்விடும். இரும்புக் கம்பியைக் கிட்டே விடமாட்டார், காற்றுத் துப்பாக்கிக் குழலின் இரும்பு மென்மையானது. முதல் துணி கறுப்பாக வரும், மூன்றாவது சாம்பல், ஐந்தாவது வெள்ளை. வெள்ளை வந்தால் நிறுத்திவிட்டு, வெளிப்புறத்துக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் பிசுக்குப் பிடிக்கும் என்று சேர்க்கமாட்டார்.

ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது நான் உபகாரம் செய்ய நினைத்தேன். எண்ணெய்க் குப்பியைக் குழலுக்குள்ளேயே கவிழ்த்து, மூடி, ஒரு ரவை போட்டுச் சுட்டேன். பட்டாசு போல் வெடித்தது. குழல் வாயில் நீலப்புகை, மூக்கில் கருகல் நாற்றம். நெருங்கிய காற்று சூடாகி, வழிந்த எண்ணெயைப் பற்றவைத்திருக்கிறது. டீசல் எஞ்சின் வேலை செய்வதும் இப்படித்தான். உள்ளே தோல் வாஷர் கருகிப்போயிற்று. மாமா அடிக்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி, எண்ணெயில் ஊறவைத்து, தானே வாஷர் வெட்டினார். வேலை முடியும்வரை என்னோடு பேசவில்லை. முடிந்ததும், சைகோன் பக்கம் துடைக்காத துப்பாக்கியோடு காவலுக்குப் போன ஒருவனைப் பற்றிச் சொன்னார். கூடப் படுத்திருந்தவன், நம்மூர்க்காரன். தேவையான நேரத்தில் துப்பாக்கி திறக்கவில்லை. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1981-இல் மாமா காலமானார். மாமி துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதைத் தோலுறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதும், கடற்காற்று இந்த ஊரில் எதையும் விடாது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல்களைக் கரையான் தொடாமல் காத்தவன் நான்.

போன வாரம் இறக்கியபோது குழலில் கண் வைத்துப் பார்த்தேன், மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. தங்கூசி வாங்கி, பனியன் துணி கட்டி, மண்ணெண்ணெய் நனைத்து மூன்று சாயங்காலம் இழுத்தேன். முதல் துணி செங்கல் நிறத்தில் வந்தது. இருபத்தைந்தாவதில் சுழல் வரிகள் தெரிந்தன. வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, அது போகாது. பேரன் சுடலாமா என்று கேட்கிறான். வாஷருக்குத் தோல் தேடிக்கொண்டிருக்கிறேன்.